லட்சுமி இல்லாத காசு

என் மகனிடம் ஒரு தங்கக் காசு இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. வட்டமாக இல்லாமல் எட்டுப் பட்டையாக வெட்டப்பட்டது. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் இலை வளையம், அதற்குள் அரை டாலர் என்ற எழுத்தும் ஒரு வருடமும். அமெரிக்காவில் அடித்த காசு, ஆனால் அமெரிக்க அரசு அடித்ததில்லை. கலிபோர்னியாவில் ஏதோ ஒரு நகைக்காரர் தன் பட்டறையில் தானாக அடித்து வெளியே விட்டது. அது ஓசூரில் எங்கள் பீரோவுக்குள் எப்படி வந்தது, போன தை மாதம் நெருப்புக்குள் போகாமல் எப்படித் தப்பியது என்பதை மறக்கும் முன் எழுதி வைக்கிறேன்.

இந்தக் காசு விஷயம் அவனுடைய விபத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. அவன் வண்டி உதிரிபாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். ஒரு மத்தியானம் கம்பெனி வேலையாகச் சூளகிரிப் பக்கம் போய்விட்டு பைக்கில் திரும்பும்போது, பின்னால் வந்த லாரி உரசிவிட்டது. நான் பள்ளியில் சமூக அறிவியல் பாடம் நடத்துகிறவள். வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். தெரியாத குரல். அன்றிலிருந்து போன் அடித்தால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகும். இன்றைக்கும் அது நிற்கவில்லை.

தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட்டில் மட்டும் நெற்றியிலிருந்து காது வரை ஒரு விரிசல். அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. ஒரு பழைய துண்டில் சுற்றிப் பரண்மேல் வைத்தேன்.

படுக்கையில் இருந்த மாதங்களில் அவன் பேச்சு நின்றுபோனது. கேட்டால் பதில் வரும், அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பி போனைப் பார்த்துக்கொண்டே இருப்பான். என்ன பார்க்கிறான் என்று கேட்க எனக்குப் பயம். வேண்டாத எதையாவது பார்க்கிறானோ, வேண்டாத எதையாவது யோசிக்கிறானோ என்று சமையலறையிலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன். ஒருநாள் கஞ்சி கொண்டு போனபோது அவனாகவே ஒன்று கேட்டான்.

"அம்மா, கவர்மெண்ட் இல்லாம வேற யாராச்சும் காசு அடிக்கலாமா?"

"அடிச்சா உள்ள தூக்கிப் போடுவாங்க. ஏன்டா?"

"அமெரிக்காவுல அடிச்சிருக்காங்க. அதுவும் தங்கத்துல."

விபத்துக்குப் பிறகு அவன் கேட்ட முதல் கேள்வி அது. கஞ்சி ஆறிப்போகும் என்று சொல்ல வந்தவள் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் சொன்ன கதை எனக்குப் புதிது. கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஊர் ஊராக ஆட்கள் போய்க் குவிந்துவிட்டார்கள். எல்லோர் கையிலும் தங்கத்தூள், ஆனால் சில்லறை இல்லை. அரசாங்கத்தின் நாணயச் சாலை கண்டத்தின் மறுமுனையில். அதனால் கடைகளில் தூளையே காசாக வாங்கினார்களாம். கடைக்காரர் பையில் விரலை விட்டு ஒரு சிட்டிகை எடுத்துக்கொள்வார்.

"விரல் பெருசா இருக்கிறவனாப் பாத்து வேலைக்கு வச்சிருப்பாங்க," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். "அப்படித்தான் போட்டிருக்காங்கம்மா," என்றான்.

இந்தச் சிட்டிகைத் தொல்லை தாங்காமல்தான் தங்கத்தைச் சோதிக்கிறவர்களும் நகைக்காரர்களும் தாங்களே காசு அடிக்க ஆரம்பித்தார்கள். சிலர் தங்கள் பெயரையே பொறித்தார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் அந்தக் காசு ஓடியது. எடை குறைவு என்று ஒருவருடைய காசைப் பற்றிப் பேச்சு கிளம்பிவிட்டால், மறுநாள் அதை யாரும் கையால் தொடமாட்டார்கள். பிறகு அரசாங்கமே அங்கே நாணயச் சாலை திறந்தது. நல்ல காசு, கெட்ட காசு எல்லாம் உலைக்குப் போய் அரசாங்கக் காசாக மாறின. உருக்கப்படாமல் தப்பியவை கொஞ்சம். அதனால்தான் அவற்றுக்கு அவ்வளவு கிராக்கி. பெரிய காசுகளை நம்மைப் போன்றவர்கள் படத்தில்தான் பார்க்கலாம். ஆனால் கால் டாலர், அரை டாலர் என்று பொடிக் காசுகளும் அடித்தார்கள், அவை எப்போதாவது கைக்கு எட்டும் என்றான். தனியார் காசு அடிக்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகும் சிலர் விடவில்லையாம். பழைய வருடத்தைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தார்களாம்.

"அப்ப அதுல போட்டிருக்கிற வருஷத்த எப்படி நம்புறது?"

"அதான் விஷயமே," என்றான். நான் சரியான இடத்தைத் தொட்டுவிட்டேன் என்று அவன் குரலிலேயே தெரிந்தது.

அதன் பிறகு நான் தினமும் ஒரு கேள்வியோடு போவேன். முதலில் அவனைப் பேச வைப்பதற்காகத்தான் கேட்டேன். சில வாரங்களில் எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போலாகிவிட்டது. வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொள்கைகளையும் கூட்டமைப்புகளையும் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தூளில் விரலை விடும் அந்தக் கடைக்காரர் நடுவில் வந்து நிற்பார்.

முதலில் அவன் வாங்கியது போலி. தபாலில் வந்தது. நடுவில் ஒரு கரடி நின்றுகொண்டிருந்தது. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் கணவர் அன்று சீக்கிரம் வந்திருந்தார். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கரடிக்கெல்லாமா காசு அடிச்சான் அமெரிக்காக்காரன்?"

அந்த வாரமே மகன் கண்டுபிடித்துவிட்டான். கரடி போட்டவை எல்லாம் பின்னாளில் செய்த விளையாட்டுக் காசுகள். அசலில் டாலர் என்ற எழுத்து இருக்கும், கரடி இருக்காது.

"உங்கிட்டயே கரடி விட்டுட்டான் பாரு," என்றார் கணவர். அன்றுதான் மகன் வாய்விட்டுச் சிரித்தான். இடுப்பு வலிக்கிறது என்று பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டுவிட்டு அழுதேன்.

அசலைப் போலியிலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதில் அவனுடைய தொழிலே அவனுக்கு உதவியது. அவன் கம்பெனியில் உருக்கிய உலோகத்தை இரும்பு அச்சுக்குள் செலுத்தி பாகங்களை வார்க்கிறார்கள். அச்சு சூட்டிலும் அழுத்தத்திலும் தேய்ந்து மயிரிழை அளவு விரிசல் விடும். அந்த விரிசல், வார்க்கிற ஒவ்வொரு பாகத்திலும் மேடான ஒரு கோடாக விழும். கோட்டின் நீளத்தைப் பார்த்தே இது எந்த அச்சில் வந்தது, அச்சின் ஆயுளில் எந்தக் கட்டத்தில் வந்தது என்று சொல்லிவிடலாம். காசு அடிக்கும் அச்சும் அப்படித்தானாம். அந்தப் பொடிக் காசுகளை அடித்த அச்சுகளை எல்லாம் அமெரிக்காவில் சேகரிப்பவர்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். எந்த அச்சில் விரிசல் எங்கே தொடங்குகிறது, இலை வளையத்தில் எத்தனை பழம், நட்சத்திரத்தின் எந்த முனை உடைந்தது எல்லாம் இருக்கிறது.

"நம்ம கம்பெனியில விரிசல் தெரிஞ்சா பாகத்தத் தள்ளிடுவோம். இங்க விரிசல் இருந்தாத்தான் ஒத்துக்குவாங்க," என்றான்.

பரண்மேல் துண்டு சுற்றிக் கிடந்த ஹெல்மெட் என் ஞாபகத்துக்கு வந்தது.

ஊன்றுகோலோடு நடக்க ஆரம்பித்த பிறகு பெங்களூரில் ஒரு பழைய நாணயக் கண்காட்சிக்குப் போகவேண்டும் என்றான். தனியாக அனுப்ப என்னால் முடியவில்லை. பஸ்ஸில் அத்திபெலே தாண்டும்வரை முன் சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன். அவன் சன்னல் பக்கம் உட்கார்ந்தால் லாரி நினைவு வருமோ என்று நானே சன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டேன். எனக்குத்தான் வந்தது.

கண்காட்சியில் ஒரு கன்னடக்காரர் மேசையில் பலநாட்டுக் காசுகள் ஒரு டப்பாவில் கலந்து கிடந்தன. தங்கம் மட்டும் தனியாகச் சிறு அட்டைகளில் வைத்திருந்தார். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சன்னல் வைத்து, ஓரத்தில் பின் அடித்த அட்டை. அதில் ஒன்று எட்டுப் பட்டை. மகன் சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தான். வைத்தவன் எடுக்கவே இல்லை. நான் நாற்காலி ஒன்றை இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டேன். அவன் உட்காரவில்லை.

வியாபாரி கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: "சார், தங்கம்னா தங்கந்தான், அதுக்கு நான் பொறுப்பு. ஒரிஜினலா காப்பியான்னா, அது உங்க கண்ணு, உங்க அதிர்ஷ்டம்."

"கரடி இல்லையே?" என்று நான் மகனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"கரடி இல்ல. மூக்குலருந்து ஒரு கோடு போகுதும்மா. நட்சத்திரம் வரைக்கும். நீயே பாரு."

கண்ணாடி வழியே பார்த்தேன். பெண்ணின் மூக்கு நுனியிலிருந்து ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு முடி போன்ற கோடு ஓடியது. யாரோ ஒருவர் பட்டறையில் சுத்தியலை ஓங்குகிறார், அச்சு விரிகிறது, அவர் கவனிக்கவில்லை, அடுத்த காசை வைக்கிறார். இவ்வளவும் அந்தக் கோட்டில் இருந்தது. அவன் சேர்த்து வைத்திருந்த சம்பளத்தில் வாங்கினான். திரும்பும்போது பஸ்ஸில் அவன்தான் சன்னல் பக்கம். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தான். ஓசூர் பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகுதான் வழியில் ஒரு லாரியைக்கூட நான் பார்க்கவில்லை என்பது உறைத்தது.

அதன்பின் அவன் வேலைக்குத் திரும்பினான். பைக் இல்லை, கம்பெனி பஸ்தான். அந்த பஸ்ஸில் வரும் தளிப் பக்கத்துப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றான். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிற குடும்பம், வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தோம். தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டுச் சடங்கு. நல்ல நாள் பார்த்து, ஆசாரியை வீட்டுக்கு அழைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதித்த தங்கத்தை எல்லோர் முன்னாலும் உருக்கவேண்டும். இப்போது பலர் நகைக்கடையிலேயே முடித்துக்கொள்கிறார்கள். ஆனால் சாமல்பட்டியிலிருந்து வந்திருந்த என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஒத்துக்கொள்ளவில்லை.

"கடையில உருக்குறது கடைக்காரன் கல்யாணத்துக்கு. நம்ம வூட்டுப் பையனுக்கு நம்ம வூட்டுலதான் உருக்கணும்," என்றார்.

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. காரணம் வேறு. விபத்துக்குப் பிறகு நான் சகுனம் பார்க்கிறவளாக மாறியிருந்தேன். படித்தவள், பிள்ளைகளுக்கு மூடநம்பிக்கை பற்றிப் பாடம் நடத்துகிறவள். இருந்தாலும் விளக்கு அணைந்தால் மனம் அடித்துக்கொள்ளும். யாராவது தும்மினால் அவனைக் கொஞ்சம் உட்காரச் சொல்வேன். அவனும் உட்காருவான். எதையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் இனி ஒன்றும் நடக்காது என்று எனக்குள் ஒரு கணக்கு.

அன்று காலை கூடத்தில் ஆசாரி உட்கார்ந்து, மூசை என்கிற சிறு மண்கிண்ணத்தைச் செங்கல்மேல் வைத்து, கேஸ் விளக்கைத் தயார் செய்துகொண்டிருந்தார். மகன் மணையில். நான் உள்ளே பாயசம் கிண்டிக்கொண்டிருந்தேன். தங்கம் எங்கே என்று அண்ணி கேட்டதும், என் கணவர் அகர்பத்தி கொளுத்திக்கொண்டே, "பீரோவுல மேல்தட்டுல தங்கக்காசு இருக்குதுக்கா, எடுத்துக்க," என்று சொன்னது எனக்குக் கேட்டது. உருக்குவதற்கென்றே ஒரு புதுக் காசு வாங்கி அங்கே வைத்திருந்தோம். அதனால் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பாயசத்தை இறக்கிவிட்டு வந்தபோது தாம்பாளம் ஒரு சுற்று முடித்திருந்தது. எல்லோரும் தொட்டாகிவிட்டது. மஞ்சள் அரிசி, வெற்றிலை, நடுவில் குங்குமம் அப்பிய எட்டுப் பட்டைக் காசு. கிழிந்த அட்டை பீரோ அடியில் பின்னோடு கிடந்தது.

"அண்ணி, இத எங்கருந்து எடுத்தீங்க?"

"பீரோவுலதாம்மா. தம்பி சொன்ன எடத்துலதான்."

"பக்கத்துல இன்னொரு காசு இருந்திருக்குமே. புதுசு."

"இருந்துச்சு. அதுல லட்சுமி தாமரையில ஒக்காந்துக்கினு இருக்குறா. அவளப் போயி நெருப்புல போடுவாங்களா? இதுல யாரோ வெள்ளக்காரிதான இருக்குறா. அதான் இத எடுத்தேன்."

கூடத்தில் சிரித்தார்கள். அண்ணி சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. நாங்கள்தான் லட்சுமி படம் போட்ட காசை உருக்குவதற்கென்று வாங்கி வைத்திருந்தோம், யாருக்கும் அது தோன்றவில்லை. என் கணவருக்கு இப்போதுதான் புரிந்தது, முகம் வெளுத்துவிட்டது. நான் மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. மூசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாம்பாளம் அவனிடமிருந்துதான் சுற்றத் தொடங்கியிருக்கும். அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

ஆசாரி விளக்கைப் பற்றவைத்தார். நீலச் சுவாலை சீறியது. காசை இடுக்கியில் எடுத்தார்.

எரிகிற நெருப்பைத் தடுப்பது, ஆசீர்வதித்த பொருளைத் தட்டிலிருந்து திரும்ப எடுப்பது, இவற்றைவிடப் பெரிய அபசகுனம் எனக்குத் தெரியாது. இரண்டையும் என் பிள்ளை கல்யாணத்தில் நானே செய்யவேண்டும். அந்தக் காசு அவனைச் சுவர்ப் பக்கத்திலிருந்து திருப்பிக் கொண்டுவந்தது. அது உருகிப் போனால் அவன் ஒன்றும் சொல்லமாட்டான், மறுபடி ஒன்றும் சொல்லாதவனாகவே ஆகிவிடுவானோ என்று தோன்றியது.

"ஆசாரி, கொஞ்சம் நிறுத்துங்க."

அண்ணி இடுப்பில் கைவைத்தார். "பத்த வச்ச நெருப்ப நிறுத்துன்னு சொல்றியே, என்னாத்துக்கும்மா? நல்ல நேரத்துல வாயில வர்ற வார்த்தையா இது?"

"அது அவன் சேத்து வச்ச காசு அண்ணி. அத உருக்க வேணாம்."

"அப்ப லட்சுமிய உருக்கச் சொல்றியா?"

"அதுவும் வேணாம்."

ஆசாரி இடுக்கியோடு காத்திருந்தார். "எனக்கு லட்சுமியும் ஒண்ணுதாங்க, வெள்ளக்காரியும் ஒண்ணுதாங்க. எதக் குடுக்கறீங்களோ அத உருக்கறேன். நேரம் மட்டும் போவுது, பாத்துக்கோங்க."

என் கை காதுக்குப் போனது. என் கல்யாணத்துக்குப் போட்ட கம்மல். அதைப் பின்னால் பிடித்திருக்கும் தங்கத் திருகு மறையைக் கழற்றிப் பல வருடமாகியிருந்தது, இறுகிப்போய் வரவில்லை. என் கணவர் வந்து காதைத் திருப்பிக் கஷ்டப்பட்டுச் சுழற்றினார். "அய்யோ, மெதுவாங்க," என்றேன். யாரோ பின்னால், "கல்யாணத்துல காதப் பிடிச்சுத் திருகுறது இப்பதான் பாக்குறேன்," என்றார். மறை வந்தது. துணுக்குத் தங்கம்தான், காசைவிடக் கனம் என்று சொல்லமுடியாது.

அண்ணி அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அடுத்த பேச்சுக்குத் தயாராக நின்றேன். அவர் மகன் பக்கம் திரும்பி, "பெத்தவ காதுல இருந்தது. இதுக்கு மேல என்ன தங்கம் வேணும் கண்ணு?" என்று சொல்லிவிட்டு, மறையைத் தாம்பாளத்தில் வைத்து மறுபடி முதலிலிருந்து எல்லோரையும் தொடச் சொன்னார். காசை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். மூசைக்குள் மறை ஒரு மணியாகச் சுருண்டு, பளிச்சென்று உருண்டது. நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. பார்த்தேன்.

பிறகு அண்ணி வாசல் வேப்பமரத்தில் ஒரு குச்சி ஒடித்து, நறுக்கி, என் காது ஓட்டையில் செருகிவிட்டார். "தூந்துபோயிடப் போவுது. நெருப்ப நிறுத்துறவளுக்கு ஓட்ட ஒண்ணுதான் கொறச்சல்," என்றார்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு மகன் சமையலறைக்கு வந்தான். காசு அவன் கையில். அண்ணி கொடுத்திருந்தார்.

"நீ முன்னாடியே பாத்தேல்ல? ஏன்டா சொல்லல?"

"நிறுத்தினா நீ பயப்படுவேன்னுதாம்மா. இது கூட அடிச்ச காசெல்லாம் உருகிப்போனதுங்கதான? இதுவும் சேந்து போயிருக்கும்."

"இப்பவும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன்."

"தெரியும்," என்றான். கண்ணாடியை நீட்டினான்.

பார்த்தேன். மூக்கிலிருந்து நட்சத்திரம் வரை ஓடும் அந்தக் கோட்டின் ஓரம் முழுக்கக் குங்குமம் ஏறியிருந்தது. சிவப்பில் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டுக் கழுவட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாம். பழைய காசக் கழுவினா மதிப்பு போயிடும்."

"இப்படியே இருந்தா?"

"இப்படியே இருந்தாலும் போயிடும்," என்று சிரித்தான். "இருக்கட்டும்."

அதற்குள் அவன் போன் அடித்தது. தளியிலிருந்து அந்தப் பெண். உருக்கி முடிந்ததா என்று கேட்டிருப்பாள். "முடிஞ்சது. எங்கம்மா காத உருக்கியாச்சு," என்று சொல்லிக்கொண்டே வெளியே போனான். நான் அடுப்படியில் நின்று, அரை டாலரை வைத்துக்கொண்டு ஒருவர் அந்த ஊரில் அன்று என்ன வாங்கியிருப்பார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வேளைச் சாப்பாடா, ஒரு சவரமா? அவனிடம் கேட்கவேண்டும் என்று நினைத்தேன்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். பஸ் தெருமுனை திரும்பும்வரை நான் இன்னும் மொட்டை மாடியில் நிற்கிறேன். ஆசாரி செய்துகொடுத்த புது மறை பழைய கம்மலோடு சரியாகப் பொருந்தவில்லை, அடிக்கடி தளர்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் போன் அடித்தால் என் கை பாதி வழி நெஞ்சை நோக்கிப் போகிறது, பிறகு மேலே ஏறிக் காதுக்குப் போகிறது. மறை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, ஒரு சுற்று இறுக்கிவிட்டுப் போனை எடுக்கிறேன்.